ஓரம் கத்தரித்த அட்டை

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் அட்டைத் துண்டு 2007-ஆம் ஆண்டில் 28 லட்சம் டாலருக்கு விலை போயிற்று! அமெரிக்கப் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் படம் பொறித்த அட்டை அது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வைத்து வழங்கப்பட்ட படங்களுள் ஒன்று. இவருடைய படம் சிறிது காலமே அச்சானதால் சில டஜன் படிகளே எஞ்சியுள்ளன.

இத்தகைய பழைய அட்டைகளின் மூலைகள் மழுங்கியிருப்பது இயல்பு. இந்த அட்டையின் மூலைகளோ கூர்மை குன்றாதிருந்தன. 1991-இல் பி.எஸ்.ஏ. என்னும் தர மதிப்பீட்டு நிறுவனம் இதற்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் அளித்து, பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடியது. 2000-இல் இது ஏலத்தில் 12 லட்சம் டாலரைத் தாண்டியது. 2013-இல் உண்மை வெளிவந்தது. பொய்க் கேள்விகளால் ஏல விலையை ஏற்றிய மோசடி வழக்கில் சிக்கிய ஏல நிறுவன அதிபர் வில்லியம் மாஸ்ட்ரோ, இந்த அட்டையின் பக்க ஓரங்களைத் தாமே வெட்டியதாகவும் அதை மறைத்ததாகவும் சிகாகோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

வெட்டியதை எவ்வாறு கண்டறிவது? முதலில் அளந்து பார்க்கலாம். ஆனால் தொழிற்சாலையிலேயே அட்டைகள் சற்று முன்பின்னாக வெட்டப்பட்டதால் அளவு மட்டும் போதாது. உருப்பெருக்கியில் ஓரத்தை நோக்க வேண்டும். காற்றும் ஒளியும் பட்ட பழைய ஓரத்தில் காகித இழைகள் பழுத்து, தேய்ந்து, அழுக்கேறியிருக்கும். புதிதாக வெட்டிய ஓரத்தில் அவை வெளிறியும் சீராகவும் தெரியும். உறைக்குள் மூடிய பிறகோ இச்சோதனை கடினமாகிவிடுகிறது.

இங்கேதான் ஏல நிறுவனத்தின் பொறுப்பு தொடங்குகிறது. சான்று அளித்தவர் வேறொருவர் என்று அது ஒதுங்கிக்கொள்வது முறையன்று. மதிப்பெண் என்பது ஒரு நாளில் கண்ணால் பார்த்துச் சொன்ன கருத்தே. அழியாத உண்மை அன்று. மேலும், விலை ஏற ஏற ஏல நிறுவனத்தின் தரகும் ஏறுகிறது. ஆகவே, ஐயம் எழுந்ததும் விற்பனையை நிறுத்தி, உறையைப் பிரித்து மறுசோதனை செய்விக்க வேண்டும். ஐயம் தீராவிடில் அதை விவரப் பட்டியலில் அச்சிட வேண்டும். விற்ற பின் குறை மெய்ப்பட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

வாங்குபவர் பார்ப்பது உறையின் மேலுள்ள எண்ணை. உள்ளே இருப்பதற்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்றால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.