சிங்கி இறால்

பெயரில் இறால் இருந்தாலும் சந்தையில் கூறுபோட்டு விற்கும் இறாலைவிட நண்டுக்கே சிங்கி இறால் நெருங்கிய சொந்தம். பாறைப் பொந்துகளில் குடியிருப்பதால் கல் இறால் என்றும் சொல்வார்கள். குமரி மாவட்டத்தின் பாறைக் கடலில் கிடைக்கும் முக்கியமான இனம் பானுலிரஸ் ஹோமரஸ். பகலில் பொந்தில் பதுங்கி, இருட்டியபின் வெளியே வந்து சிப்பி, கொட்டலசு போன்றவற்றைத் தின்னும்.

நண்டின் பெரிய கொடுக்கு இதற்குக் கிடையாது. முள் நிறைந்த நீண்ட மீசைதான் ஆயுதம். எதிரி நெருங்கினால் அந்த மீசையின் அடிப்பகுதி கண்ணுக்குக் கீழுள்ள மேட்டில் உரசி, கரகரவென்று ஒலி எழும். வயலின் வில் தந்தியில் ஒட்டுவதும் வழுக்குவதுமாக நகர்வதைப் போன்றது இது என்று, கரீபியன் இனம் ஒன்றை ஆராய்ந்த ஷீலா படேக் 2001இல் விளக்கினார். உரசும் பாகம் மெத்தென்றது. அதனால் ஓடு கழற்றி உடல் இளகிக் கிடக்கும் நாட்களிலும் சத்தம் போட முடிகிறது.

ஆண், பெண்ணின் மார்பில் விந்துப் பொதியை ஒட்டிவிடும். பெண் அதைத் தன் கடைசிக் காலின் சிறு இடுக்கியால் கிழித்து முட்டைகளைக் கருவுறச் செய்து, லட்சக்கணக்கான முட்டைகளை வாலடியில் சுமக்கும். முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருப்பவை பொரியும் தறுவாயில் பழுப்பாகும். வெளிவரும் இளவுயிரி கண்ணாடி இலைபோல் தட்டையானது. மாதக்கணக்கில் நீரோட்டத்தோடு ஆழ்கடலில் அலையும். கடைசியில் சிறு சிங்கி வடிவெடுத்து, இரை எடுக்காமலே கரைநோக்கி நீந்தும். ஆகவே ஓர் ஊர்க் கடலில் வளரும் சிங்கி அங்கேயே பொரிந்ததாக இருக்க வேண்டியதில்லை. குஞ்சு பொரிப்பகம் அமைப்பது கடினமாக இருப்பதும் இந்த நீண்ட இளம்பருவத்தால்தான்.

பிடிப்பதற்குக் கூண்டும், கடலடியில் விரிக்கும் சிங்கி வலையும் உண்டு. உயிரோடு விற்றால்தான் நல்ல விலை. காலும் மீசையும் முறியாமலிருக்க வேண்டும். செவுள் ஈரமாகவும் உடல் குளிர்ச்சியாகவும் இருந்தால் நீருக்கு வெளியே பல மணி நேரம் தாங்கும் என்பதால் விமானத்தில் அனுப்ப முடிகிறது. பானுலிரஸ் ஹோமரஸ் இனத்தில் 200 கிராமுக்குக் குறைந்தவற்றை ஏற்றுமதி செய்ய இந்திய அரசு 2003இல் தடை விதித்தது. ஆனால் வலைக்கண்ணில் சிக்கியதைப் பிரிக்கும்போதே கால் ஒடிந்துவிடும். சிறியவற்றையும் சினைச் சிங்கியையும் சேதமின்றித் திரும்பக் கடலில் விடக் கூண்டுதான் தோது.