ஏழுல திரும்பு மருமவனே!

எங்க கங்கைகொண்டான் பக்கம் அம்மன் கொடை பார்த்திருக்கீங்களா? பந்தல் முகப்புல ஒண்ணு பின்னால ஒண்ணா ஓடுமே சீரியல் லைட்டு, அது மாதிரி பண்ண ஒரு 555, ஒரு 4017 ஐ.சி. போதும். இ.சி.இ. பார்ட்டிகள் லேப்ல பண்ணியிருப்பீங்க. (இல்லேன்னா பக்கத்து பெஞ்சைப் பார்த்தே வைவா முடிச்சிருப்பீங்க!)

அதே சர்க்யூட்ல எல்.இ.டி.யைக் கழற்றிட்டு, ஒவ்வொரு அவுட்புட்டிலும் ஒரு பொட்டென்ஷியோமீட்டரை மாட்டுங்க. எல்லா வோல்டேஜும் டயோடு வழியா ஒரே ஒயர்ல சேர்ந்து சிந்தசைசருக்குப் போகட்டும். லைட் ஓடின மாதிரி ஸ்வரம் ஓடும். அதுதான் அனலாக் சீக்வென்சர்.

நானும் ஆசையா எட்டுப் படியில ஒண்ணு பண்ணினேன். முதல் அடி குமிழ்ல. பல சிந்தசைசர்கள்ல 1 வோல்ட் ஏறினா ஒரு ஸ்தாயி ஏறும். அரை ஸ்வரத்துக்கு வெறும் 83 மில்லிவோல்ட். ஒன்பது வோல்ட்டை அப்படியே குமிழுக்குக் கொடுத்தா, விரல் நடுங்கினாலே சுருதி ஓடிப்போயிடும். குமிழோட முழுச் சுற்றையும் 2 வோல்ட்டுக்குள்ள அடக்குங்க.

ரெண்டாவது அடி, வில்லுப்பாட்டுல உடுக்கை வாசிக்கிற மாமாகிட்ட. ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, “ஏ மருமவனே, இதுக்கு எட்டை விட்டா வேற தெரியாதாலே?”ன்னார். சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா நியாயமான கேள்விதானே? எட்டும் பதினாறும் ஆதி தாளத்துக்குச் சரி. மிஸ்ர சாபுக்கு ஏழு வேணும், கண்ட சாபுக்கு அஞ்சு வேணும். டிசைன் பண்றவன் எட்டுன்னு பூட்டிட்டா, வாசிக்கிறவனும் எட்டுக்குள்ளேயே யோசிக்கப் பழகிடுவான்.

தீர்வு ஒரு ரோட்டரி சுவிட்ச். 4017-ல எட்டாவது அவுட்புட்டை ரீசெட் பின்னோட (15-வது பின்) இணைச்சா, ஏழு முடிஞ்சதும் மறுபடி ஒண்ணு. ஆறாவதை இணைச்சா அஞ்சு. செலவு? ரெண்டு டீ, ஒரு வடை!

அடுத்தது வழுக்கல். மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், 1982-ல பத்து ராகங்களை டிஸ்கோ பீட்ல போட்டு ஒரு ஆல்பம் பண்ணினார். கூட இருந்தது ரோலண்ட் டிபி-303. பேஸ் கிடாருக்குப் பதிலா இருக்கட்டும்னு 1981-ல வந்து, விற்காம 1984-ல நின்னுபோன பெட்டி. அதுல 16 படி; ஒவ்வொரு படிக்கும் தனி ஸ்லைடு, தனி அழுத்தம். ஆல்பத்துல பேஸ் வழுக்கி வழுக்கிப் போறதைக் கேளுங்க. அப்போ யாரும் சீண்டலை. சிகாகோவுல இதே பெட்டியை வெச்சு ஆசிட் ஹவுஸ் கிளம்பினது அதுக்குச் சில வருஷம் கழிச்சுத்தான். 2010-ல ஆல்பம் மறுபடி வந்தப்போ உலகமே வாய் பிளந்தது. சிங் 2015-ல மறைஞ்சார்.

நம்ம போர்டுல ஸ்லைடு வர 100 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபாரட் போதும். ஸ்வரம் குதிக்காம ஜாரு மாதிரி இழையும். ஆனா சுவிட்ச் படிக்கு ஒண்ணு இருக்கணும். பொதுவா ஒண்ணு வெச்சா எல்லா ஸ்வரமும் கொழகொழ!

கம்பிதமா? அதுக்கு இன்னொரு மெதுவான ஆசிலேட்டர் வேணும். மாமா அதையும் கேட்டுட்டார். செமஸ்டர் முடியட்டும்னு சொல்லியிருக்கேன்.