மனுவும் மறுமொழியும் – 11: விளக்கு எரியும்போதே எழுதுங்கள்

வேப்பம்பட்டில் கரண்ட் போனால் கை தானாக போனை எடுத்து மின்னகத்தின் 94987 94987ஐ அழுத்துகிறது. 2021 ஜூனில் அந்த எண் வந்த பிறகு புகார் சொல்வது எளிதாகிவிட்டது, மறுக்கவில்லை. லைன்மேன் வருவார், ஃப்யூஸ் போடுவார், விளக்கு எரியும், புகார் ‘தீர்ந்தது’ என்று கணக்கில் ஏறும். 11 கே.வி. கம்பியை உரசிக்கொண்டிருக்கும் தென்னை மட்டையைப் பற்றி மட்டும், வீட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போது யாரும் போன் செய்வதில்லை. கடிதத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

யாருக்கு எழுதுவது? நம் நகர் நலச் சங்கங்கள் நேராக முதலமைச்சருக்கு எழுதிவிட்டு, மின்துறை அமைச்சர், ஆட்சியர், எம்.எல்.ஏ. என்று நகல்களை அடுக்குவார்கள். குடியரசுத் தலைவருக்கு நகல் போட்ட டிரான்ஸ்ஃபார்மர் மனுவைக்கூடப் பார்த்திருக்கிறேன். கோட்டைக்குப் போகும் மனு வாரியத் தலைமையகம், மேற்பார்வைப் பொறியாளர், செயற்பொறியாளர், உதவி செயற்பொறியாளர் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் பிரிவு அலுவலகத்து உதவிப் பொறியாளரின் மேசைக்கே வந்து சேரும். முதலிலேயே அவருக்கு எழுதினால் என்ன? ஒரே ஒரு நகல் போதும், அவருக்கு மேலே இருக்கும் செயற்பொறியாளருக்கு. பத்துப் பேருக்கு நகல் போனால் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார்கள்.

‘அடிக்கடி மின்தடை ஏற்படுகிறது, ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் ஏணியை எடுக்க முடியாது. கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண், டிரான்ஸ்ஃபார்மரின் பெயர், பக்கத்து வீட்டின் மின் இணைப்பு எண் மூன்றும் இருந்தால் ஆள் நேராக வந்து நிற்பார். பிறகு, கண்ணால் கண்டதை எழுதுங்கள். ஸ்டே கம்பி அறுந்திருக்கிறதா, சிமென்ட் கம்பம் உதிர்ந்து உள்ளே இரும்பு தெரிகிறதா, சாலையைக் கடக்கும் கம்பி லாரியின் தலையில் இடிக்கும் அளவு தொய்ந்திருக்கிறதா, பில்லர் பாக்ஸ் அருகே குப்பை எரிக்கிறார்களா. வயலெல்லாம் மனையாகிவிட்ட இந்தப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: முப்பது வீடு இருந்த காலத்து டிரான்ஸ்ஃபார்மரில் இன்று எத்தனை வீடு, எத்தனை ஏ.சி. என்ற தோராயக் கணக்கு. கூடுதல் டிரான்ஸ்ஃபார்மர் கேட்பவர்களுக்கு அதைவிட வலுவான வாதம் கிடையாது.

காலமும் முக்கியம். மட்டையை வெட்ட லைனை அணைக்க வேண்டும்; அதற்கென்று தனியாக ஊரை இருட்டாக்குவதைவிட, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றே முடித்துக்கொள்வார்கள். அந்த வேலைப் பட்டியலில் உங்கள் கம்பமும் இடம்பெற வேண்டுமென்றால் கடிதம் ஆடி, ஆவணியில் போக வேண்டும். ஐப்பசி மழையில் போனால் அது வெறும் புலம்பல்.

ஒரு மட்டைக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு ஒஹையோ கதையைச் சொல்வேன். 2003 ஆகஸ்ட் 14 அன்று அந்த அமெரிக்க மாநிலத்தில் 345 கே.வி. பாதைகள் தொய்ந்து, வெட்டாமல் விட்டிருந்த மரங்களில் பட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்துக்கொண்டன. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருளும் அன்று பார்த்துச் செயலிழந்திருந்தது. மாலைக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில். வேப்பம்பட்டு மட்டை நாட்டை இருட்டாக்கிவிடாது. துணை மின்நிலையத்திலிருந்து நம் பக்கம் வரும் ஒரு ஃபீடர் பாதை ட்ரிப் ஆகும். கோளாறான பாதையைத் துண்டிக்கச் சொல்லும் ரிலே சரியாக வேலை செய்யாவிட்டால் துணை மின்நிலையமே படுத்துவிடும். அளவுதான் வேறு.

சரியான முகவரிக்குச் சரியாக எழுதினால் மட்டும் போதுமா என்றால், போதாது. 2012 ஜூலை 30 அதிகாலை 2.33க்கு, பீனா–குவாலியர் 400 கே.வி. பாதை துண்டிக்கப்பட்டதும் வடக்கு மின்தொகுப்பு சரிந்தது. மறுநாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சரிந்தன. பாதிக்கப்பட்டவர்கள் 60 கோடிக்கும் மேல். அதற்கு முன்பே, ஒதுக்கீட்டுக்கு மேல் இழுக்காதீர்கள் என்று வடக்கு மண்டல மின்சுமை பகிர்வு மையம் மாநிலங்களுக்குச் செய்திமேல் செய்தி அனுப்பியிருந்தது. கேட்காததால் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனுவே போட்டது. ஆணையம் ஜூலை 10இல் உத்தரவும் போட்டது. எழுதியது துறைக்குள்ளேயே இருக்கும் அமைப்பு. கையில் மெகாவாட் கணக்கு. மண்டல மையத்தின் கட்டளைக்கு மாநிலங்கள் கட்டுப்பட வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 29ஆவது பிரிவே சொல்கிறது. மீறியவர்களுக்கு எதுவும் வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று தமிழ்நாடு தப்பியது, தெற்குத் தொகுப்பு ஒத்திசைவில் இணையாமல் தனியாக இருந்ததால். 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. பாதை வந்து நாம் இணைந்துவிட்டோம். அந்தப் பாதுகாப்பு இப்போது இல்லை.

எழுதினால் மட்டும் போதாது என்பதால், முதல் கடிதத்திலேயே அடுத்த படியை மனதில் வைத்து எழுத வேண்டும். ஒப்புகை இல்லாமல் கொடுக்காதீர்கள். பதில் வராவிட்டால், அதே மின்சாரச் சட்டத்தின் 42(5) பிரிவின்படி அமைந்த நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் வட்ட அளவில் இருக்கிறது. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் மின் குறைதீர்ப்பாளர்.

ஒரு தெருவுக்கு மேற்பட்ட விஷயம் என்றால் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2022 ஆகஸ்டில் கட்டண உயர்வு பற்றி கோவை, மதுரை, சென்னையில் அது கருத்துக் கேட்டபோது, யூனிட் விலையைத்தான் எல்லாரும் பேசினோம். என்ன பாதை போடுவது, எந்தத் துணை மின்நிலையத்துக்கு எவ்வளவு செலவிடுவது என்பதெல்லாமும் அதே ஆணையத்தின் பார்வைக்குத்தான் போகிறது. 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணை மின்நிலையத்தில் பிடித்த தீயால் சென்னையின் பெரும்பகுதி இருண்டதே, ஒரு நிலையம் விழுந்தால் மாற்றுவழி என்ன என்று கேட்டு ஆணையத்துக்கு எழுதியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி: எங்கள் ஃபீடர் சென்ற ஆண்டு எத்தனை முறை ட்ரிப் ஆனது? ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுதிய காரணம் என்ன? முப்பது நாளில் பதில் தர வேண்டும். ‘மரக்கிளை’ என்று அவர்களே எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையோடு உதவிப் பொறியாளருக்கு இரண்டாவது கடிதத்தைத் தொடங்குங்கள்.

(தொடரும்)