வீட்டுப் பிராணிக்கு ஒரு வைத்தியர்

நாயையோ பூனையையோ குடும்பத்தில் ஓர் அங்கத்தினராகவே பாவித்து வளர்ப்போர் நம் நகரங்களில் பெருகிவிட்ட இந்நாளில், அதற்கு வேளை தவறாமல் ஆகாரம் இடுவதிலும் கழுத்துக்கு அழகான பட்டை தேடுவதிலும் காட்டுகிற சிரத்தையில் பாதியைக்கூட, அதற்குரிய வைத்தியரைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பாலோர் காட்டுவதில்லை. பிராணி இரண்டு நாள் சோற்றைத் தொடாமல் சுருண்டு கிடந்த பிறகு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை இரவாகப் பார்த்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து, "நல்ல டாக்டர் யாராவது இருக்கிறாரா?" என்று விசாரிப்பதே வழக்கமாயிருக்கிறது. பதற்றத்தில் செய்யும் தேர்வு விவேகமான தேர்வாக அமைவது அபூர்வம். பிராணி ஆரோக்கியமாக ஓடியாடித் திரியும் காலமே வைத்தியரைத் தேடுவதற்கு உகந்த காலம் என்பதும், அப்போது கவனிக்க வேண்டியவை கண்ணாடிக் கதவும் குளிர்சாதன வசதியும் அல்ல என்பதும் என் அபிப்பிராயம்.

நம் க்ஷேமமும் அதில் அடங்கியது

பிராணியின் வைத்தியம் பிராணியோடு நின்றுவிடுகிற காரியமன்று. வெறிநோய் மனிதனிடத்தில் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் அநேகமாக மரணத்தில்தான் முடியும். ஆனால் 1885-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றிய நாள் முதலாக அது தடுக்கக்கூடிய வியாதி ஆகிவிட்டது. நம் குன்னூரிலேயே 1907-இல் பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்டதும் இந்த நோயை உத்தேசித்துத்தான். மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்து தேங்கிய நீரால் பரவும் எலிக்காய்ச்சல் நாயையும் பிடிக்கும், அதை வளர்ப்பவரையும் பிடிக்கும். குட்டிகளின் குடலிலுள்ள உருண்டைப் புழுக்களின் முட்டைகள் மண்ணில் கலந்து, அந்த மண்ணில் விளையாடும் குழந்தைகளின் கைவழியே உள்ளே செல்வதும் உண்டு. ஆகவே, வேளைக்குத் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் கொடுத்துவரும் வைத்தியர் அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் சேர்த்தே காவலிருக்கிறார்.

பட்டமும் பதிவும்

கால்நடை மருத்துவத்தில் பி.வி.எஸ்ஸி. பட்டம் பெற்று, 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி மாநிலக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொண்டவரே இத்தொழில் நடத்த உரிமை பெற்றவர். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. யோக்கியமான வைத்தியர் அதைப் பெயர்ப் பலகையிலோ மருந்துச் சீட்டிலோ தாமே அச்சிட்டிருப்பார். குட்டி விற்ற தரகரும் பிராணிக் கடைக்காரரும் 'நானே ஊசி போட்டுவிடுகிறேன்' என்று முன்வரும்போது வணக்கம் சொல்லி விலகிக்கொள்வதே உசிதம்.

ஊர் வழக்கில் மாட்டாஸ்பத்திரி என்று அழைக்கப்படும் அரசாங்கக் கால்நடை மருந்தகத்தை, பெயரைக் கேட்டதும் பசுவுக்கும் எருமைக்கும் மட்டுமே உரியது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நாய்க்கும் பூனைக்கும் அங்கே சிகிச்சை உண்டு. 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி ஆஸ்பத்திரியைப் போன்ற பெரிய இடங்கள் சிக்கலான நோய்க்கும் அறுவைச் சிகிச்சைக்கும் ஏற்றவை; ஆண்டுதோறும் போடும் ஊசிக்காக ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, ஆட்டோவில் நடுங்கும் நாயை அணைத்துக்கொண்டு போகவேண்டிய அவசியமில்லை. சாதாரணத் தேவைகளுக்கு அருகிலிருக்கும் நல்ல வைத்தியரே போதும்.

குளிர்பெட்டியைப் பாருங்கள்

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்ஷியஸுக்குள் இருந்தால்தான் அதன் வீரியம் நிலைக்கும். உறைந்தாலும் கெடும், வெப்பம் தட்டினாலும் கெடும். கெட்டுப்போன மருந்தைப் போட்டாலும் நாய்க்குப் பார்வைக்கு ஒன்றும் ஆகாது. நமக்கும் 'ஊசி போட்டாயிற்று' என்ற திருப்தி இருக்கும். பார்வோ என்னும் குடல்நோய் வந்து குட்டி ரத்தமாகப் பேதியாகும்போதுதான் அந்தத் திருப்தியின் பொய்மை வெளிப்படும். ஆகையால், நான் எந்தக் கிளினிக்குக்குச் சென்றாலும் முதலில் பார்ப்பது குளிர்பெட்டியையே. உள்ளே வெப்பமானி இருக்கிறதா, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்று கேட்டால் நல்ல வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார். மருந்துக் குப்பிகளுக்கு நடுவே யாருடைய தயிர்சாத டப்பாவாவது குளிர்ந்துகொண்டிருந்தால், அங்கே நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

குட்டிகளுக்கான கூட்டுத் தடுப்பூசி ஒரு குப்பியில் உலர்ந்த வெண்கட்டியாகவும், அதைக் கரைக்கும் திரவம் மற்றொரு குப்பியிலுமாக வருகிறது. வைத்தியர் இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து, காலாவதித் தேதியை உங்களுக்குக் காட்டி, கண்ணெதிரே கரைத்துப் போட்டு, குப்பியின்மீதுள்ள சீட்டை உரித்து அட்டையில் ஒட்டித் தேதியிட்டுக் கையெழுத்தும் இடுவாராயின், அவரைத் தைரியமாக நம்பலாம். ஊசிக்குப் பின் முகம் வீங்குகிறதா என்று பார்க்கக் கால் மணி நேரம் உட்காரச் சொல்பவர் இன்னும் மேலானவர். அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுவதற்கும் வெறிநோய் ஊசிக்கான சான்று வேண்டும்.

மேஜையின்மேல் நடப்பது

அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது எடைக்கருவி. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. 'பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும்' என்று கண்ணால் மதித்து மருந்து எழுதுவது வைத்தியமன்று. உண்ணி மருந்தும் பூச்சி மருந்தும் இவ்விதமே. உண்ணியினால் வரும் காய்ச்சல் நம் வெப்பமான ஊர்களில் நாய்களை அதிகம் வாட்டுவதாகையால், விரலிடுக்கையும் காதுமடலையும் விரித்துப் பார்க்காத பரிசோதனை முழுமையான பரிசோதனையாகாது. தேர்ந்த வைத்தியர் உதட்டைத் தூக்கி, ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுவார். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவந்துவிட்டால் ரத்த ஓட்டம் செவ்வையாயிருக்கிறதென்று அவருக்குத் தெரியும். காய்ச்சலை அவர் தொட்டுப் பார்த்துச் சொல்லமாட்டார். நாயின் இயல்பான உஷ்ணமே ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் ஆகையால், நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும்.

இது தெரியாமல், காய்ச்சலென்று எண்ணிச் சிலர், தங்களுக்கு வாங்கிய பாராசிட்டமால் மாத்திரையைப் பிராணிக்கும் கொடுத்துவிடுகிறார்கள். பூனைக்கு அது விஷம். ஒரு மாத்திரையே உயிரைப் போக்கக்கூடும். இவ்விஷயத்தை வீட்டாருக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லும் வைத்தியர் கிடைப்பது பாக்கியம். அதற்கு மாறாக, பரிசோதிக்க மூன்று நிமிஷமும் டானிக், ஷாம்பு, பிஸ்கட் இவற்றின் மகிமையை விவரிக்கப் பத்து நிமிஷமும் செலவிடுகிற இடங்களில், வைத்தியத்தைவிட வியாபாரமே பிரதானம் என்று நான் கொள்கிறேன்.

கட்டணமும் இரவு நேரமும்

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எதற்கு எவ்வளவு என்று முன்னதாகக் கேட்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இரவு நேரத்தில் ஆபத்து நேர்ந்தால் யாரிடம் போகவேண்டும் என்பதையும் கேட்டு வையுங்கள். 'எந்நேரமும் வாருங்கள்' என்று வாய்ச்சொல் கொடுப்பவரைக் காட்டிலும், 'இரவில் நான் இருக்கமாட்டேன், இன்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்' என்று உள்ளதைச் சொல்பவரே உபயோகமானவர்.

நோய் நொடி ஏதுமில்லாத ஒரு நாளில், உங்கள் நாயையோ பூனையையோ அருகிலுள்ள வைத்தியரிடம் கொண்டுசென்று, எடை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் குளிர்பெட்டியையும், பதிவு எண்ணையும், பயந்த பிராணியை அவர் கையாளும் விதத்தையும் கண்டுகொள்ளலாம். மனத்துக்குப் பிடிக்கவில்லையென்றால் அடுத்த தெருவில் இன்னொருவரைப் பார்க்க அப்போது அவகாசம் இருக்கும்.