ஸ்பீட்மாஸ்டரா, டேடோனாவா? எதற்கு இவ்வளவு விலை?

"போனஸ் வந்தாச்சு! நல்ல வாட்ச் ஒண்ணு வாங்கணும்!" என்று நண்பர் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

பேச்சு நீண்டால் இரண்டு பெயர்கள் வந்துவிடும். ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், ரோலெக்ஸ் டேடோனா.

இரண்டுமே சுவிட்சர்லந்தின் 'குரோனோகிராஃப்' கைக்கடிகாரங்கள். விலை ஆயிரக்கணக்கான வெள்ளி. அப்படி என்னதான் இருக்கிறது?

குரோனோகிராஃப் என்றால்?

மணி காட்டும் கடிகாரத்துக்குள் ஒரு ஸ்டாப்வாட்ச். அவ்வளவுதான்.

மேல் பொத்தானை அழுத்தினால் நடுவிலுள்ள விநாடி முள் ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தான் அதைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவரும்.

முகப்பைச் சுற்றியுள்ள எண்கள் வேகத்தைக் கணக்கிட. காரில் 1 கிலோமீட்டரைக் கடக்க 45 விநாடி ஆனால் முள் 80இல் நிற்கும். அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர்.

இதற்கெல்லாம் பேட்டரி கிடையாது. சுருள்வில்லும் பற்சக்கரங்களும்தான்.

ஸ்பீட்மாஸ்டர்: நிலவுக்குப் போனது

1957இல் அறிமுகமானது. கடும் வெப்பம், குளிர், அதிர்வு ஆகிய சோதனைகளைத் தாங்கியதால் 1965இல் நாசா அதை ஏற்றுக்கொண்டது. 1969இல் பஸ் ஆல்டிரின் அதைக் கட்டிக்கொண்டு நிலவில் நடந்தார்.

1970இல் அப்போலோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் கலன் வெடித்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பல கருவிகளை அணைக்கவேண்டிய நிலை. பாதையைச் சரிசெய்ய இயந்திரத்தைச் சரியாக 14 விநாடி இயக்கவேண்டும். அதை அளக்க உதவியது கையிலிருந்த ஸ்பீட்மாஸ்டர். மூவரும் உயிருடன் திரும்பினர்.

'மூன்வாட்ச்' என்று அழைக்கப்படும் ரகத்துக்கு இன்றும் கையால்தான் சாவி கொடுக்கவேண்டும். ஒருமுறை முழுதாகக் கொடுத்தால் சுமார் 50 மணி நேரம் ஓடும்.

டேடோனா: பந்தயத் தடத்தின் பெயர்

1963இல் வந்தது. ஃபுளோரிடாவின் கார் பந்தயத் தடத்தின் பெயரைத் தாங்கியது.

முதலில் இதற்கும் கையால்தான் சாவி. 1988இல் அது மாறியது. இப்போது கை அசைவிலேயே சுருள்வில் முறுக்கேறும். சுமார் 72 மணி நேரம் தாங்கும். வெள்ளிக்கிழமை இரவு கழற்றிவைத்தாலும் திங்கட்கிழமை காலை ஓடிக்கொண்டிருக்கும்.

தண்ணீரைத் தாங்குவதிலும் இதுவே மேல். டேடோனாவுக்கு 100 மீட்டர், மூன்வாட்சுக்கு 50 மீட்டர்.

2017இல் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த டேடோனா நியூயார்க் ஏலத்தில் 17.75 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விலைபோனது.

எது துல்லியமானது?

டேடோனா நாளுக்கு 2 விநாடிவரை முன்னே பின்னே போகலாம். மூன்வாட்ச் 5 விநாடிவரை வேகமாக ஓடலாம்.

சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் கேசியோ எஃப்-91டபிள்யூ? மாதத்துக்கே 30 விநாடிதான்! அதிலும் ஸ்டாப்வாட்ச் உண்டு.

ஆக, நீங்கள் காசு கொடுப்பது சரியான நேரத்துக்காக அல்ல. நுணுக்கமான வேலைப்பாட்டுக்கும் அதன் பின்னால் உள்ள கதைக்கும்தான்.

வாங்கி வைத்தால் லாபமா?

"டேடோனா வாங்கினா நஷ்டமே வராது" என்பார்கள். கடையில் கேட்டவுடன் கிடைக்காது என்பதால் மறுவிற்பனையில் அதன் விலை அதிகம். ஆனால் 2022 தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்ட அந்த விலை பிறகு இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர்களுக்குக் கையைக் கடித்தது.

ஸ்பீட்மாஸ்டர் எளிதில் கிடைக்கும். பயன்படுத்தியதை விற்கும்போது வாங்கிய விலை வராமல் போகலாம்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்யவேண்டும். அந்தச் செலவு இரண்டுக்குமே உண்டு.

அப்போ எதை வாங்குவது?

தினமும் சாவி கொடுப்பது பிடிக்குமென்றால் ஸ்பீட்மாஸ்டர். கட்டினோமா, மறந்தோமா என்று இருக்கவேண்டுமென்றால் டேடோனா.

கடன் வாங்கித்தான் கட்டமுடியுமா? அப்படியென்றால் கொஞ்சம் பொறுங்கள். அதுவரை கேசியோ சரியாகவே மணி காட்டும்.