போடி ஏலக்காய் கிரேடும் ஜாவா ‘எனம்’மும்: இன்டர்ஃபேஸ் எதற்கு?

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரை ‘ஏலக்காய் நகரம்’ என்பார்கள். இடுக்கி மலையில் விளையும் காய் இங்கே வந்து தரம் பிரிகிறது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையமும் இங்கே இருக்கிறது. காயின் சைஸைப் பொறுத்து விலை மாறும். கிரேடைத் தப்பா எழுதினா, அடி நேரா காசுலதான்!

சரி, இதுக்கும் ஜாவா கோடிங்குக்கும் என்ன சம்பந்தம்?

பட்டியலை மூடு

ஆலப்பி பச்சை ஏலக்காய்க்கு அக்மார்க்கில் சில கிரேடுகள் உண்டு. எக்ஸ்ட்ரா போல்டு என்றால் சைஸ் 7 மி.மீ., ஒரு லிட்டர் காயின் எடை குறைந்தது 435 கிராம். போல்டுக்கு 6 மி.மீ., 415 கிராம். சுப்பீரியருக்கு 5 மி.மீ., 385 கிராம். நிறம் போன்ற மற்ற நிபந்தனைகளை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஒரு வியாபாரிக்கு ஸ்டாக் ஆப் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். கிரேடை வெறும் எழுத்தாக, அதாவது ஸ்டிரிங்காக வைத்தால், ‘ஏஜிபி’க்குப் பதில் ‘ஏபிஜி’ என்று டைப் செய்தாலும் கம்பைலர் வாயே திறக்காது. பில் போட்ட பிறகுதான் தெரியும்.

இதற்குத்தான் எனுமரேஷன், சுருக்கமாக எனம். 2004-ல் ஜாவா 5-உடன் வந்தது. ‘இந்தப் பெயர்கள் மட்டும்தான், வேறு கிடையாது’ என்று பட்டியலை மூடிவிடும். எழுத்து மாறினால் கம்பைல் ஆகாது. ஜாவாவின் எனம் வெறும் பெயர்ப் பலகையும் அல்ல. 7, 435 போன்ற எண்களையும், அவற்றைச் சரிபார்க்கும் மெத்தடையும் ஒவ்வொரு கிரேடுக்குள்ளேயே வைக்கலாம்.

சிக்கல் எங்கே?

“தம்பி, எங்ககிட்ட 8 எம்எம் தனி ரேட்டுக்குப் போகுதுப்பா, அதையும் சேத்துடுங்க” என்கிறார் வியாபாரி. அந்த 8 நம் அக்மார்க் பட்டியலில் இல்லை. மூடிய எனத்தில் வெளியிலிருந்து யாரும் சேர்க்க முடியாது. அதை எக்ஸ்டெண்ட் செய்து இன்னொரு எனம் எழுதவும் ஜாவா விடாது.

ஆனால், ஒரு எனம் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்யலாம். இன்டர்ஃபேஸ் என்பது ஓர் ஒப்பந்தம். ‘தரம்’ என்று ஒன்றை எழுதி, ஒரே ஒரு கேள்வியை வையுங்கள்: ‘இந்த லாட் தேறுமா?’ அக்மார்க் எனம் சைஸையும் லிட்டர் எடையையும் பார்த்துப் பதில் சொல்லும். வியாபாரியின் தனி எனம் சைஸை மட்டும் பார்க்கும். பில்லிங் கோடு இருவரையும் ‘தரம்’ என்றே கூப்பிடும். புது கிரேடு வந்தாலும் பழைய கோடில் கை வைக்க வேண்டாம்.

ஜாவாவே இப்படித்தான் செய்கிறது. 2014-ல் ஜாவா 8 கொண்டுவந்த நேர நூலகத்தில் ‘டெம்போரல்யூனிட்’ ஓர் இன்டர்ஃபேஸ். நாள், வாரம், மாதம் எல்லாம் அதை இம்ப்ளிமென்ட் செய்யும் ‘க்ரோனோயூனிட்’ என்ற எனத்தில் இருக்கின்றன.

இதற்கும் விலை உண்டு

எனம் மட்டும் இருந்தால் மொத்தப் பட்டியலையும் ஒரே வரியில் வாங்கிவிடலாம். புது ஸ்விட்ச் எக்ஸ்பிரஷனில் ஒரு கிரேடை விட்டுவிட்டால் கம்பைலரே சொல்லும். இன்டர்ஃபேஸ் வழியாகப் போனால் இரண்டும் போய்விடும், ஏன்னா நாளை யார் வந்து சேருவார்கள் என்று அதற்குத் தெரியாது. 2021-ல் ஜாவா 17-உடன் வந்த சீல்டு இன்டர்ஃபேஸ், யார் யார் இம்ப்ளிமென்ட் செய்யலாம் என்று வரம்பு போட உதவும்.

அதனால் கோடு எழுதும் முன் ஒரு கேள்வி: இந்தப் பட்டியலில் பெயர் சேர்க்கும் உரிமை யாருக்கு? வாரத்தின் ஏழு நாள் போல என்றும் மாறாது என்றால் எனம் மட்டும் போதும். போடி வியாபாரி போல வெளியாளும் சேர்ப்பார் என்றால், எனத்துக்கு மேலே ஓர் இன்டர்ஃபேஸை முதல் நாளே வைத்துவிடுங்கள்.