தைக்கும் முன் சுவரில் பாருங்கள்

துணிக்கடை வைத்திருக்கும் எவரிடமும் விற்றுத் தீராத சரக்கு ஒன்று இருக்கும். அதுதான் வெட்டுத்துண்டு. கழிவு விலைக்குக் கொடுத்தால் சாக்குக்கூலிக்கும் காணாது. வைத்திருந்தால் இடத்தைப் பிடிக்கும். எனது கடையிலும் இப்படி மூட்டை மூட்டையாகச் சேர்ந்ததைக் கண்டுதான், துண்டுகளை இணைத்துக் கட்டில் விரிப்புத் தைக்கலாம் என்று வீட்டில் தீர்மானித்தோம். என் மனைவிக்கும் மூத்த மகளுக்கும் தையல் நன்றாக வரும். மெஷினும் வீட்டிலேயே இருந்தது. ஆகவே மூலதனம் பெரிதாகத் தேவைப்படவில்லை.

முதல் ஓடர் 12 விரிப்புகள். கொடுத்து மூன்றாம் நாள் அவற்றில் 5 திரும்பி வந்தன. வாங்கிய வியாபாரியிடம் கோபித்துக்கொண்டு போனேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு விரிப்பைக் கடை வாசலில் தொங்கவிட்டு, "காக்கா, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்க" என்றார். பார்த்தேன். ஒரே பச்சை நிறம் இரண்டு இடங்களில் பக்கத்துப் பக்கத்தில் நின்றது. கடும் நிறங்களெல்லாம் ஒரு மூலையில் கூடிக்கிடந்தன. தையலில் ஒரு குறையும் இல்லை, அடுக்கியதில்தான் பிழை. அந்த ஐந்தும் பாதி விலைக்குப் போயின. அதைவிட, மகளின் முகம் வாடியதுதான் எனக்குப் பெரிய நட்டமாகத் தெரிந்தது.

பிழை எங்கே நடந்தது என்று யோசித்தோம். துண்டுகளைத் தரையில் பரப்பித்தான் அடுக்கினோம். தரையில் கிடப்பதை நின்றுகொண்டு பார்த்தால் காலடியில் உள்ளது பெரிதாகவும் தூரத்தில் உள்ளது சிறிதாகவும் தெரியும். முழுவதையும் ஒரே பார்வையில் நிதானிக்க முடியாது. அத்தோடு மின்விசிறியைப் போட்டால் துண்டு பறக்கும், பிள்ளைகள் ஓடினால் கலையும். குனிந்து குனிந்து மனைவிக்கு முழங்கால் வலியும் வந்துவிட்டது.

அமெரிக்காவில் வீடுகளில் இத்தகைய விரிப்புத் தைப்பவர்கள் இதற்கு நல்ல வழி ஒன்றைக் கையாளுகிறார்கள். தைப்பதற்கு முன் துண்டுகளைச் சுவரில் ஒட்டிப் பார்க்கிறார்கள். தூரத்தில் நின்று பார்ப்பதன் பெறுமதியை அந்நாட்டவர்க்கு எடுத்துக்காட்டிய நிகழ்வொன்றும் உண்டு. 1971இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில், கட்டிலில் விரிக்கும் பழைய விரிப்புகளை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் கண்காட்சி வைத்தார்கள். கட்டிலில் கிடந்தபோது கவனிக்கப்படாத அழகு சுவரில் ஏறியதும் பலரது கண்ணுக்குப் பட்டது. அழகுக்குச் சொன்னது பிழைக்கும் பொருந்தும்.

இந்தச் சுவருக்குப் பசையோ ஊசியோ தேவையில்லை. பிளானல் துணியின் மேற்பரப்பில் மெல்லிய பஞ்சு எழும்பியிருக்கும். அதில் பருத்தித் துண்டை வைத்துக் கையால் தடவினால் நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எடுக்கலாம், மாற்றலாம், திரும்ப வைக்கலாம். வழுவழுப்பான பொலியெஸ்டர் துண்டுக்கு மாத்திரம் ஒரு குண்டூசி தேவைப்படும்.

இனி அளவுக் கணக்கு. எங்கள் விரிப்பு 72 அங்குல அகலம், 90 அங்குல நீளம். தைத்து முடிந்தபின் ஒரு துண்டு 6 அங்குலச் சதுரமாக நிற்கவேண்டும். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போவதால் 6½ அங்குலமாக வெட்டுகிறோம். 12 வரிசை, வரிசைக்கு 15 என மொத்தம் 180 துண்டுகள். சுவரில் விளிம்போடு விளிம்பாக வைத்தால் நீளம் மட்டும் 97½ அங்குலம் பிடிக்கும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்று அரை அங்குலம் ஏறி நிற்குமாறு வையுங்கள். அப்போது 90½ அங்குலத்தில் அடங்கிவிடும். தைத்தபின் எப்படித் தெரியுமோ ஏறக்குறைய அப்படியே தெரியும்.

நாங்கள் ஒரு அங்குலத் தடிப்புள்ள, 8 அடிக்கு 4 அடி ரெஜிபோம் பலகை இரண்டு வாங்கினோம். ஒன்றை முழுதாகவும் மற்றதை 30 அங்குலத்துக்கு வெட்டியும், பின்பக்கம் டேப் ஒட்டி ஒன்றாக்கினோம். 96 அங்குல நீளமும் 78 அங்குல உயரமும் கிடைத்தது. விரிப்பைக் குறுக்காக வைத்தால் இது போதும். 45 அங்குல அகலமுள்ள பிளானல் 6 யார் எடுத்து, முதலில் கழுவிச் சுருங்கவிட்டு, இரண்டாக வெட்டி இணைத்துப் பலகையைச் சுற்றிப் பின்பக்கம் அகலமான டேப்பால் ஒட்டினோம். வெள்ளை அல்லது சாம்பல் நிறமே நல்லது. நிறமுள்ள பின்னணி கண்ணை ஏமாற்றும். துணியை மிருதுவாக்கும் திரவத்தில் கழுவவேண்டாம், பிடிப்புக் குறைந்துவிடும்.

பலகையைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரம் இழுத்தால் பிளானல் பூஞ்சணம் பிடித்து, வாடிக்கையாளரின் துணியிலும் கறை ஏறும். நாங்கள் முதலில் மரரீப்பை அடித்து, அதன்மேல்தான் பலகையைப் பொருத்தினோம். ரெஜிபோம் இலகுவில் தீப்பற்றும். இஸ்திரிக்கைப் பெட்டிக்கும் அடுப்புக்கும் தூரமாகவே அது இருக்கவேண்டும். வெளிச்சம் பகல் வெளிச்சமாக இருப்பது நல்லது. மஞ்சள் மின்குமிழின் கீழ் நீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும்.

இவ்வளவும் இப்போது முடியாது என்பவர்களுக்குச் சுலபமான வழியொன்று உண்டு. மேசைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்புகள் சிலவற்றின் பின்பக்கம் பிளானல் போலப் பஞ்சாக இருக்கும். அதைத் திருப்பித் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டால் அதுவே சுவர். வேலை முடிந்ததும் சுருட்டி வைக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஆணி அடிக்கத் தேவையில்லை.

அடுக்கி முடிந்ததும் பத்தடி தள்ளி நின்று பார்க்கவேண்டும். பின்பு கையடக்கத் தொலைபேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். நிறம் மறைந்து வெளிச்சமும் கடுமையும் மட்டும் தெரியும். கடும் துண்டுகள் ஓரிடத்தில் கூடியிருந்தால் அதில் உடனே பிடிபடும். அதன்பின் ஒவ்வொரு வரிசைக்கும் கடதாசியில் இலக்கமிட்டுக் குத்தி, ஒரு தடவைக்கு ஒரு வரிசையை மட்டும் எடுத்துத் தைத்துத் திரும்பவும் சுவரிலேயே வைக்கவேண்டும். படம் கையில் இருப்பதால் ஏதும் கலைந்தாலும் பயமில்லை. அதே படத்தை வாங்குபவருக்கு அனுப்பிச் சம்மதம் வாங்கியபின்தான் இப்போது நாங்கள் மெஷினில் உட்காருகிறோம்.

தைத்தபின் நடுவில் நிற்கும் ஒரேயொரு துண்டை மாற்றுவதானால் நாலு பக்கத் தையலையும் பிரிக்கவேண்டும், நீளத் தையல் இரண்டு அறுபடும். அரை நாள் போய்விடும். சுவரில் என்றால் கையால் எடுத்து வைக்கும் நேரம்தான். பொருட்களின் விலை மாறிக்கொண்டே இருப்பதால் ரூபாய்க் கணக்கை நான் எழுதவில்லை. அளவுகளைத் தந்திருக்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு அந்தச் செலவு, திரும்பி வந்த ஐந்து விரிப்புகளில் நாங்கள் இழந்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

அதே வியாபாரியிடம் இரண்டாவது தடவையும் 12 விரிப்புகள் கொடுத்தோம். ஒவ்வொன்றையும் வாசலில் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை. இப்போது எந்த அடுக்கு சரி என்று முடிவு சொல்வது மகள்தான். நான் பத்தடி தள்ளி நின்று பார்ப்பதோடு சரி.